திறந்த மூல மென்பொருள் திட்டங்களின் ஆளுகை

திறந்த மூல மென்பொருள் திட்டங்களின் ஆளுகை என்பது, மூலநிரல் வெளிப்படையாக வழங்கப்படும் ஒரு மென்பொருளை உருவாக்கிப் பேணும் சமூகம் எவ்வாறு முடிவெடுக்கிறது, அம்முடிவை எவர் செயற்படுத்துகின்றனர், பிணக்கு எழுந்தால் அது எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பவற்றைக் குறிக்கும். இத்தகைய திட்டங்களில் பங்கேற்போர் பல நாடுகளில் வாழ்பவர்கள். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டிராதவர்கள். ஊதியம் பெறுவோரும் தன்னார்வலரும் அவர்களுள் அடங்குவர். ஒருவருக்கு ஒருவர் கட்டளையிடும் அதிகாரம் இல்லாத இச்சூழலில் கூட்டாக முடிவெடுப்பதற்கென உருவான வழக்கங்கள், எழுதப்பட்ட விதிகள், வாக்கெடுப்பு முறைகள் ஆகியவற்றின் தொகுப்பே ஆளுகை ஆகும்.

இம்முடிவுகளின் விளைவு நிரலாளர் வட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டம் வரை பரவியுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் மாணவர்கள் பயன்படுத்தும் பள்ளிக் கணினிகள் வரை அது வந்து சேர்கிறது. தமிழ் போன்ற, பங்களிப்பாளர் தொகை குறைவாக உள்ள மொழிச் சமூகங்களுக்கு ஆளுகை முறை தனி முக்கியத்துவம் உடையது.

பின்னணி

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989 இல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் முதற் பதிப்பு வெளியானது. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், ஆராயவும், பகிரவும், மாற்றியமைக்கவும் பயனருக்கு இவ்வுரிமம் இசைவளிக்கிறது. "திறந்த மூலம்" என்ற பெயர் 1998 இல் வழக்குக்கு வந்தது. தமிழில் இவ்வகை மென்பொருள் திறந்த மூல மென்பொருள், திறமூல மென்பொருள், கட்டற்ற மென்பொருள் எனப் பலவாறு குறிப்பிடப்படுகிறது. கட்டற்ற என்னும் சொல் பயனரின் விடுதலையை முதன்மைப்படுத்துவோரால் விரும்பப்படுகிறது.

உரிமம் ஒரு கேள்விக்கு மட்டும் விடையளிப்பதில்லை. ஒரே நிரலில் இருவர் இரு வேறு மாற்றங்களைச் செய்து, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவையாக இருந்தால், அதிகாரப்பூர்வப் பதிப்பில் எவருடைய மாற்றம் இடம்பெறும் என்பதே அக்கேள்வி. எவரும் தம் படியில் எதையும் மாற்றலாம். ஆனால் பல்லாயிரம் பேர் பதிவிறக்கும் பொதுப் பதிப்பு ஒன்றே. அதன் வாயிலில் நின்று முடிவெடுப்பவர் யார், அவர் எவ்வாறு அந்த இடத்துக்கு வந்தார், அவரை மாற்ற இயலுமா என்பன ஆளுகையின் அடிப்படைக் கேள்விகள் ஆகும்.

பொதுவளமாகத் திறந்த மூலம்

காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை, பாசனக் கண்மாய் முதலிய பொதுவளங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து நெடுங்காலம் காத்துவர இயலும் என்பதை அமெரிக்க அறிஞர் எலினோர் ஒசுட்ரொம் 1990 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். இத்துறை ஆய்வுக்காக அவருக்கு 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. விதிகளால் பாதிக்கப்படுவோர் அவ்விதிகளை மாற்றுவதில் பங்கு பெறுதல், விதிமீறலுக்குப் படிப்படியான தண்டனை, செலவு குறைந்த பிணக்குத் தீர்வு ஆகியன நீடித்த பொதுவள அமைப்புகளில் அவர் கண்ட பண்புகளுள் சில. சார்லசு சுவைக், ராபர்ட் இங்கிலிசு ஆகியோர் 2012 இல் வெளியிட்ட நூலில் இக்கோட்பாட்டின் துணைகொண்டு திறந்த மூலத் திட்டங்களை ஆராய்ந்தனர்.

இரண்டுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கண்மாய் நீரை ஒருவர் பாய்ச்சினால் மற்றவருக்கு அந்த அளவு குறையும். மென்பொருளை எத்தனை பேர் படியெடுத்தாலும் அது குறைவதில்லை. இங்கே குறைவது, வரும் மாற்றங்களைப் படித்துப் பார்த்துத் தேர்ந்து சேர்க்கும் பேணுநர்களின் நேரமும் கவனமும் ஆகும். எனவே திறந்த மூல ஆளுகை என்பது நிரலைப் பங்கிடுவதைக் காட்டிலும் உழைப்பைப் பங்கிடுவதைப் பற்றியது எனலாம்.

முடிவெடுக்கப்படும் விடயங்கள்

பெரும்பாலான திட்டங்களில் கூட்டு முடிவு தேவைப்படும் விடயங்கள் பின்வருமாறு:

- எந்த மாற்றம் பொதுப் பதிப்பில் சேர்க்கப்படும், எது தள்ளப்படும்
- புதிய பதிப்பு எப்போது வெளியிடப்படும்
- பொதுக் களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் உரிமை எவருக்கு வழங்கப்படும்
- உரிமத்தை மாற்றலாமா
- திட்டத்தின் பெயரும் வணிகச் சின்னமும் எவரிடம் இருக்கும்
- நன்கொடைப் பணம் எவ்வாறு செலவிடப்படும்
- பங்கேற்போரின் நடத்தைக்கான நெறிகள் யாவை
- இடைமுகம் எந்தெந்த மொழிகளில் வழங்கப்படும், அம்மொழிகளில் கலைச்சொற்களை எவர் உறுதி செய்வர்

ஆளுகை முறைகள்

தனித் தலைமை

திட்டத்தைத் தொடங்கியவரே இறுதி முடிவெடுப்பவராகத் தொடரும் முறை இது. லினசு டோர்வால்டுசு 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருனி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எனினும் எல்லா மாற்றங்களையும் ஒருவரே படிப்பதில்லை. கருனியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பேணுநர்கள் உள்ளனர். அவர்கள் ஏற்றுக்கொண்ட மாற்றங்களே மேலே செல்கின்றன. தலைவர் என்போர் தாம் நம்பும் பேணுநர்களின் தெரிவை ஏற்பவராகவே பெரும்பாலும் செயற்படுகிறார்.

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் நெடுங்காலம் இவ்வாறே இறுதிச் சொல் உடையவராக இருந்தார். 2000 ஆம் ஆண்டு முதல் அம்மொழியில் பெரிய மாற்றங்கள் எண்ணிடப்பட்ட முன்மொழிவு ஆவணங்களாக எழுதப்பட்டு விவாதிக்கப்பட்டன. 572 ஆம் எண் முன்மொழிவு பற்றிய கடுமையான விவாதத்துக்குப் பின், 2018 சூலையில் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தமக்குப் பின் யார் என்பதை அவர் அறிவிக்கவில்லை. சமூகம் பல ஆளுகை முன்மொழிவுகளை எழுதி அவற்றின்மீது வாக்களித்து, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு என்னும் முறையைத் தெரிந்தெடுத்தது. முதற் குழு 2019 இன் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. தனித் தலைமையிலிருந்து தேர்தல் முறைக்கு ஒரு திட்டம் உடையாமல் மாறியதற்கு இது எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

பங்களிப்பு வழி உரிமை

அப்பாச்சி வலை வழங்கியை 1995 இல் ஒரு சிறு குழு மின்னஞ்சல் வழியே உருவாக்கத் தொடங்கியது. 1999 இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. தொடர்ந்து நல்ல பங்களிப்பு செய்தவரைத் திட்டக் குழு அழைத்து, களஞ்சியத்தில் எழுதும் உரிமையை அளிக்கிறது. வாக்குகள் +1, 0, -1 என்னும் எண்களால் குறிக்கப்படுகின்றன. நிரல் மாற்றத்தின்மீது இடப்படும் ஓர் எதிர் வாக்கு மறுப்புரிமையாக அமைந்து அம்மாற்றத்தை நிறுத்திவிடும். ஆனால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் கூறப்படவேண்டும். காரணமற்ற மறுப்பு செல்லாது. புதிய பதிப்பு வெளியீட்டுக்கு மறுப்புரிமை இல்லை. அதற்குக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகளும் பெரும்பான்மையும் போதும். உலகின் பல நேர வலயங்களில் உள்ளோரும் பங்கேற்க ஏதுவாக, வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருப்பது வழக்கம்.

எழுதப்பட்ட யாப்பு

இயன் மர்டாக் 1993 இல் தொடங்கிய டெபியன் இயங்குதளம், தன்னார்வலர்களால் நடத்தப்படும் மிகப் பெரிய திட்டங்களுள் ஒன்று. 1997 இல் பயனருக்கான வாக்குறுதியாக ஒரு சமூக ஒப்பந்தத்தையும், 1998 இல் ஒரு யாப்பையும் அது ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் திட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி நிரல்படுத்தும் முறையில் வாக்களிக்கப்படுகிறது. "இவர்களுள் எவருமில்லை" என்பதும் ஒரு தெரிவாக வைக்கப்படுகிறது. தலைவரோ குழுவோ எடுத்த முடிவை உறுப்பினர்கள் பொதுத் தீர்மானத்தின் மூலம் மாற்றலாம். யாப்பைத் திருத்துவதற்கு மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆதரவு வேண்டும்.

இந்த யாப்பு எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்துவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஓர் உறுப்பினர் ஒரு முடிவை ஏற்காவிடில் அதற்கான வேலையைச் செய்யாமல் இருக்கலாம்; ஆனால் முடிவுக்கு எதிராகச் செயற்படக்கூடாது. தன்னார்வலரைக் கொண்டு இயங்கும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும் நெறியாகும்.

நிறுவனக் கட்டுப்பாடு

சில மென்பொருள்களின் மூலநிரல் திறந்திருந்தாலும், எந்த மாற்றத்தை ஏற்பது என்பதை ஒரே வணிக நிறுவனம் முடிவு செய்கிறது. வேலை விரைந்து நடப்பதும், ஊதியம் பெறும் நிரலாளர் இருப்பதும் இம்முறையின் நன்மைகள். நிறுவனத்தின் வணிக நோக்கம் மாறும்போது சமூகத்தின் கையில் நிரலின் படியைத் தவிர வேறொன்றும் இல்லாமற் போகலாம் என்பது இதன் குறை.

இணக்க முடிவு

பெரும்பாலான அன்றாட முடிவுகள் வாக்கெடுப்புக்குச் செல்வதில்லை. மாற்றத்தை ஒருவர் முன்வைக்கிறார். குறிப்பிட்ட காலத்துக்குள் எவரும் மறுக்காவிடில் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. மௌனம் சம்மதம் என்னும் இம்முறை வேலையை எளிதாக்குகிறது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இணையப் பொறியியல் செயற்குழுவும் வாக்கெண்ணிக்கையைத் தவிர்த்து, பரவலான இணக்கத்தையும் இயங்கிக் காட்டும் நிரலையும் அளவுகோலாகக் கொள்கிறது.

இணக்கம் என்பது அனைவரும் ஒரே கருத்தினர் ஆவதன்று. ஒரு முடிவை விரும்பாதவரும் தம் எதிர்ப்பு கேட்கப்பட்டது, அதற்குப் பதில் தரப்பட்டது என்பதை ஏற்று, அம்முடிவோடு தொடர்ந்து இயங்க முன்வருவதே இணக்கம். இதற்கு விவாதம் எழுத்து வடிவில், அனைவரும் காணுமாறு பதிவாகியிருக்க வேண்டும். நேரில் நடக்கும் சிறு கூட்டங்களில் எடுக்கப்படும் முடிவு, அங்கு வர இயலாதவரை வெளியே நிறுத்திவிடும் என்பதால் பல திட்டங்கள் அதனைப் பொது விவாதத்தில் மீண்டும் உறுதி செய்கின்றன.

இணக்கம் எட்டப்படாதபோது நேர்வதற்கு டெபியனில் எழுந்த தொடக்க மேலாளர் பிணக்கு எடுத்துக்காட்டு. கணினி தொடங்கும்போது பிற சேவைகளை இயக்கும் மென்பொருளாக எதனைக் கொள்வது என்ற கேள்வியில், 2014 பெப்ரவரியில் எண்மர் கொண்ட தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்தது. குழுத் தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி தெரிந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத் தீர்மான வாக்கெடுப்பில், இவ்விடயத்தில் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு வென்றது. இதனிடையே தொழில்நுட்பக் குழுவிலிருந்து சிலர் விலகினர். முடிவை ஏற்காத ஒரு பிரிவினர் தேவுவன் என்ற தனி இயங்குதளத்தை அறிவித்தனர், அதன் 1.0 பதிப்பு 2017 இல் வெளிவந்தது. விதிப்படி எடுக்கப்பட்ட முடிவும் மனத்தாங்கலை விட்டுச் செல்லக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

கிளை பிரித்தல்

ஒரு திட்டத்தின் மூலநிரலை முழுமையாகப் படியெடுத்து, வேறு பெயரில் வேறு வழியில் வளர்ப்பது கிளை பிரித்தல் எனப்படும். திறந்த மூல உரிமம் இதனை எவருக்கும் அனுமதிக்கிறது. திட்டத்தின் தலைமை சமூகத்தின் கருத்தைத் தொடர்ந்து புறக்கணித்தால், சமூகம் நிரலோடு வெளியேறலாம். இந்த வாய்ப்பு இருப்பதாலேயே தலைமை பேச்சுக்கு இறங்கி வருகிறது.

- குனூ நிரல்மொழிமாற்றியின் மெதுவான வளர்ச்சியால் 1997 இல் ஒரு கிளை பிரிந்தது. அது சிறப்பாக வளர்ந்ததால் 1999 இல் அக்கிளையே அதிகாரப்பூர்வப் பதிப்பாக ஏற்கப்பட்டது.
- எக்ஸ்ஃப்ரீ86 வரைகலைத் திட்டம் 2004 இல் உரிமத்தை மாற்றியபோது, பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் எக்ஸ்.ஆர்க் கிளைக்கு மாறின.
- ஓப்பன் ஆபிசு அலுவலகத் தொகுப்பு ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறிய பின், 2010 செப்டம்பரில் பங்களிப்பாளர் பலர் பிரிந்து லிப்ரே ஆபிசைத் தொடங்கினர்.
- ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமம் 2024 மார்ச்சில் மாற்றப்பட்டவுடன் வால்கீ என்னும் கிளை தோன்றியது.

இவ்வுரிமை சட்டத்தில் அனைவருக்கும் சமம், நடைமுறையில் சமமன்று. கிளை பிரிப்போர் அதன் பின் பாதுகாப்புத் திருத்தம், பிழை நீக்கம், ஆவணம், மொழிபெயர்ப்பு அனைத்தையும் தாமே சுமக்க வேண்டும். நூறு நிரலாளர் உள்ள சமூகம் பிரிந்து இரண்டு ஐம்பதாகலாம். ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு மொழிபெயர்ப்புக் குழு பிரிந்தால் இரு பக்கமும் வேலை நின்றுவிடும். ஆகவே சிறிய சமூகங்களுக்கு வெளியேறும் உரிமையை விட, உள்ளே இருந்து பேசிக் கேட்கப்படும் உரிமையே பெரிய பாதுகாப்பு.

மேல்நிலைத் திட்டமும் கீழ்நிலைத் திட்டமும்: ஏலமலையின் இரு சரிவுகள்

மென்பொருள் உலகில் மூலத் திட்டம் மேலோடை என்றும், அதிலிருந்து எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றி வழங்குவோர் கீழோடை என்றும் ஆற்றின் உவமையால் குறிக்கப்படுகின்றனர். மேலே நிகழும் மாற்றம் காலப்போக்கில் கீழே வந்து சேரும். கீழே திருத்தப்பட்டதை மேலே கொண்டு சேர்க்கத் தனி முயற்சி வேண்டும்.

இவ்வுவமையைப் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் நேராகக் காணலாம். ஏலமலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை கொட்டக்குடி ஆற்றின் வழியே வைகைப் படுகையைச் சேர்கிறது. போடிமெட்டுக்கு அப்பால் மேற்குச் சரிவின் நீர் பெரியாற்றுப் படுகையைச் சேர்கிறது. நீர் இரண்டாகப் பிரியும் அதே மலையின் இரு பக்கத்துப் பள்ளிக் கணினிகளோ ஒரே மேலோடையைச் சார்ந்தவை.

தமிழ்நாட்டு அரசு 2011 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இடம்பெற்றது. சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவந்த பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி 2000களின் நடுப்பகுதி முதல் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஐடி@ஸ்கூல் திட்டமும், 2017 இல் அதன் தொடர்ச்சியாக அமைந்த கைட் நிறுவனமும் வழங்கிய இயங்குதளப் பதிப்புகள் உபுண்டுவைத் தழுவியவை. உபுண்டு டெபியனிலிருந்து உருவாக்கப்படுவது. எனவே போடியில் மடிக்கணினி பெற்ற மாணவரும், இடுக்கி மாவட்டத் தோட்டப் பகுதியில் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் மாணவரும், தாம் அறியாமலே ஒரே யாப்பின்கீழ் எடுக்கப்பட்ட முடிவுகளைப் பயன்படுத்தியவர்கள் ஆவர்.

மேலோடையில் எடுக்கப்படும் முடிவுகளுள் மொழி தொடர்பானவை இம்மாணவரை நேரடியாகப் பாதிக்கின்றன. எடுத்துக்காட்டாக, க்னோம் பணிச்சூழல் திட்டத்தில் இடைமுகச் சொற்றொடர்களில் 80 விழுக்காடாவது மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளே ஆதரிக்கப்படும் மொழிகளாகக் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய சொற்றொடர்கள் சேர்வதால், தமிழ்க் குழு ஓராண்டு ஓய்ந்தாலும் விழுக்காடு குறையும். இவ்விதி எந்த மொழிக்கும் எதிரானதன்று. அரைகுறையான இடைமுகம் பயனரைக் குழப்பும் என்ற நியாயமும் அதில் உண்டு. ஆனால் அதன் சுமை ஆட்கள் குறைந்த மொழிகளின்மீதே மிகுதியாக விழுகிறது.

தமிழ்ச் சூழலில் கூட்டு முடிவுகள்

எழுத்துக் குறியீடு

தமிழ்க் கணிமையில் கூட்டாக முடிவெடுத்தலுக்குத் தொடக்ககால எடுத்துக்காட்டு, தகுதரம் எனப்படும் திஸ்கி குறியீடு ஆகும். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்ததால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை இருந்தது. 1997 முதல் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து ஒரு பொது 8-பிட்டுக் குறியீட்டை வகுத்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் இம்முயற்சியில் பங்கு கொண்டனர். எந்த அரசும் இதனை ஆணையிடவில்லை. எழுத்துரு செய்தோர் ஏற்றுக்கொண்டதாலேயே இது பரவியது. 2007 இல் இது இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பில் பதிவு செய்யப்பட்டது.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. இதனால் சமூகம் வகுத்த குறியீடும் அரசு ஏற்ற குறியீடுகளும் சில ஆண்டுகள் அருகருகே வழங்கின. 2000 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உருவான உத்தமம் அமைப்பு, அரசு, ஆர்வலர், தொழில்துறையினர் ஆகியோரை ஒரே இடத்தில் கூட்டிப் பேசச் செய்ய முயன்றது. பின்னர் யூனிக்கோடு பரவியதால் குறியீட்டுப் போட்டி தணிந்தது. எனினும் யூனிக்கோடு அமைப்பில் முடிவெடுப்பது வேறொரு மேசை. கிரந்த எழுத்துகள் தொடர்பாக 2010 இல் அங்கு வைக்கப்பட்ட முன்மொழிவுகள் தமிழ்நாட்டில் எதிர்ப்பைக் கிளப்பின. கிரந்தத்துக்கெனத் தனித் தொகுதி 2014 இல் யூனிக்கோடு 7.0 பதிப்பில் இடம்பெற்றது.

தமிழாக்கமும் கலைச்சொல்லும்

கேடீஈ, க்னோம், ஓப்பன் ஆபிசு, பயர்பாக்சு முதலியவற்றைத் தமிழாக்கும் பணி 2000களில் தன்னார்வக் குழுக்களால் மேற்கொள்ளப்பட்டது. எ-கலப்பை தட்டச்சு மென்பொருளை வெளியிட்ட தமிழா! குழு இவற்றுள் ஒன்று. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைத் தமிழில் வழங்கியது.

தமிழாக்கத்தில் மிகுதியான பிணக்கு சொல் தேர்விலேயே எழுகிறது. ஒரே செயலுக்கு உள்நுழை, புகுபதிகை என்னும் இரண்டும், ஒரே பொருளுக்குக் கோப்புறை, அடைவு என்னும் இரண்டும் வழங்குகின்றன. இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் வேறுபடும் இடங்களும் உண்டு. நிரலில் எது சரி என்பதை இயக்கிப் பார்த்து அறியலாம். சொல்லில் அவ்வாறு சோதிக்க வழியில்லை. இதனால் இறுதியில் எவர் களஞ்சியத்தில் எழுதும் உரிமை உடையவரோ அவருடைய சொல்லே நிலைக்கும் நிலை ஏற்படலாம். ஒருங்கிணைப்பாளர் மாறும்போது ஒரே மென்பொருளில் ஒரு பட்டியில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறு சொல்லும் வரும். பொதுக் கலைச்சொற் பட்டியலைப் பேணுவதும், சொல்லைத் தெரிந்ததற்கான காரணத்தை எழுதி வைப்பதும் இதற்கான தீர்வுகளாக முன்வைக்கப்படுகின்றன. காரணம் எழுதப்பட்டிருந்தால் பின்னால் வருபவர் அதே விவாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒப்பீடு: போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம்

பலர் கூடி முடிவெடுக்கும் எல்லா அமைப்பும் சமூக ஆளுகை ஆகாது என்பதை விளக்கப் போடிநாயக்கனூரின் ஏலக்காய் ஏலத்தோடு ஒப்பிடலாம். ஏலமலையில் விளையும் ஏலக்காய், நறுமணப் பொருட்கள் வாரியத்தின்கீழ் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் ஏலம் விடப்படுகிறது. 2007 இல் மின்னணு ஏல முறை அறிமுகமானது. 2021 இல் இரு மையங்களின் வணிகரும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் வசதி ஏற்படுத்தப்பட்டது. வணிகர் மாதிரியைப் பார்த்துக் கணினியில் விலை கேட்கின்றனர். மிகுந்த விலை வெல்கிறது. அன்றைய விலை விவரம் பொதுமக்கள் அறிய வெளியிடப்படுகிறது.

இங்கே விலை பலரது கேள்வியால் முடிவாகிறது. ஆயின் ஏல விதிகள் 1987 ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம மற்றும் சந்தைப்படுத்தல் விதிகளால் வகுக்கப்பட்டவை. ஏலம் நடத்துவோரும் வாங்கும் வணிகரும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விதி பிடிக்காத ஒரு விவசாயி தம் அளவில் புதிய ஏல மையம் ஒன்றைத் தொடங்கிவிட இயலாது. திறந்த மூலத் திட்டத்தில் விதியும் பங்கேற்போர் கையிலேயே உள்ளது. அவர்கள் நிரலோடு விதியையும் மாற்றி வெளியேறலாம். மறுபுறம், ஏலத்தில் பிணக்கு எழுந்தால் முறையிடச் சட்டப்படி அமைந்த ஒரு வாரியம் உண்டு. பெரும்பாலான சிறு மென்பொருள் திட்டங்களில் முறையிட எவரும் இல்லை.

இவ்வொப்பீட்டால் பெறப்படுவது, வெளிப்படைத்தன்மை வேறு, விதி வகுப்பதில் பங்கு வேறு என்பதாகும். ஒரு நிறுவனம் மூலநிரலை எல்லோரும் காணத் திறந்து வைத்து, முடிவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டால், அத்திட்டம் திறந்த மூலமே ஆயினும் சமூக ஆளுகை உடையதன்று.

சிக்கல்களும் விமர்சனங்களும்

மறைவான அதிகாரம். எழுதப்பட்ட விதி இல்லாத குழுவில் அதிகாரம் இல்லாமற் போவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் நண்பர் வட்டத்தில் தங்கிவிடும் என்று அமெரிக்கப் பெண்ணியவாதி சோ ஃபிரீமன் 1970களில் சுட்டிக்காட்டினார். பெண்கள் இயக்கக் குழுக்களைப் பற்றி அவர் எழுதியது, திறந்த மூலச் சமூகங்கள் பற்றிய விவாதங்களிலும் பரவலாக எடுத்தாளப்படுகிறது.

நேரம் உடையவரின் ஆதிக்கம். நீண்ட விவாதத்தில் இறுதிவரை நிற்பவரே வெல்வார் என்னும் நிலை, வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் இடையே பங்களிப்போரை ஒதுக்குகிறது. விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதும் ஒரு தடையாகும்.

பேணுநர் சோர்வு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட ஒரு பின்வாயில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை ஏறத்தாழ ஒருவரே தன்னார்வமாகப் பேணிவந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக நல்ல பங்களிப்பு செய்து நம்பிக்கையைப் பெற்றார். மாற்றங்கள் தாமதமாவதாக வேறு பெயர்களில் குறைகூறி அழுத்தம் தரப்பட்டது. இவ்வாறு பேணுநர் உரிமை பெற்ற பின்னரே பின்வாயில் புகுத்தப்பட்டது. உலகெங்கும் உள்ள வழங்கிகள் சார்ந்திருந்த மென்பொருளின் ஆளுகை ஒரு களைத்த மனிதரின் தோளில் இருந்தது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

நடத்தை நெறி. விவாதங்களில் வசைமொழி புதியவர்களை விரட்டுகிறது என்ற குறைபாட்டை அடுத்துப் பல திட்டங்கள் நடத்தை நெறிகளை ஏற்றன. லினக்ஸ் கருனித் திட்டம் 2018 இல் இத்தகைய நெறியை ஏற்றுக்கொண்டது.

இச்சிக்கல்கள் அனைத்துக்கும் பொதுவாக அமைவது ஒன்றே. நிரல் திறந்திருப்பதால் மட்டும் முடிவு திறந்ததாகிவிடுவதில்லை. முடிவெடுப்பவர் யார், காரணம் என்ன, அதனை எவ்வாறு மாற்றலாம் என்பன எழுதப்பட்டிருக்கும் திட்டங்களில், தொடங்கியவர் விலகிய பின்னும் பணி தொடர வழி இருக்கிறது. ஆட்கள் குறைந்த தமிழ்க் குழுக்களுக்கு இது மேலும் பொருந்தும். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் எடுத்து நடத்தும் வகையில் களஞ்சிய உரிமையும் கலைச்சொற் பதிவும் கைமாற்றப்படாவிடில், முன்னவரின் உழைப்பு அடுத்த பதிப்பிலேயே மாணவரின் திரையிலிருந்து மறையக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- கட்டற்ற மென்பொருள்
- குனூ பொதுமக்கள் உரிமம்
- டெபியன்
- தமிழ்க் கணிமை
- திஸ்கி
- போடிநாயக்கனூர்
- ஏலமலை